வாய்வு அல்ல, சதையி

ஆசிரியருக்கு,

மேல்வயிற்று வலி முதுகுக்கு ஊடுருவ, எங்கள் சித்தப்பா இரண்டு நாள் ஓமத் தண்ணீரும் உள்ளி இரசமும் குடித்துக்கொண்டு குனிந்தபடியே இருந்தார். வாய்வாம். பிறகு பார்த்தால் இரத்தத்தில் கொழுப்பைச் செரிக்கும் நொதியமான லிப்பேஸ் வழமையைவிட மூன்று மடங்குக்கு மேல், இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியான சதையியில் (கணையத்தில்) அழற்சி.

சதையி சுரக்கும் திரிப்சினோஜன் என்ற உறங்கும் நொதியம் சிறுகுடலுக்குப் போன பிறகுதான் புரதத்தைச் செரிக்கும் திரிப்சினாக மாற வேண்டும். அது சதையிக்குள்ளேயே விழித்துக்கொண்டால் மற்ற நொதியங்களையும் தட்டி எழுப்பிவிடும். இறைச்சியைச் செரிக்க வேண்டியவை சதையியையே செரிக்கத் தொடங்கும். நோயியல் மருத்துவர் ஹான்ஸ் கியாரி 1896 இலேயே இதைச் சொல்லிவிட்டார். பித்தக்கல்லும் மதுவும்தான் முக்கிய காரணங்கள். சித்தப்பாவுக்குக் கல். (சித்தி சந்தேகப்பட்டது வேறு.)

உங்கள் மருத்துவப் பக்கத்தில் சீனி வருத்தம், கொலஸ்டரோல் என்று வாராவாரம் வருகிறது. சரி, சதையிக்கும் ஒரு வாரம் ஒதுக்கினால் என்ன?

வாசகர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.