வசந்திக்கு: மீன்கள் போன இடம்

கிளிநொச்சி,
மாசி மாதம்

அன்பின் வசந்தி,

நாங்கள் சுகம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் கடிதம் வந்து கன நாளாகிவிட்டது. வெட்டுக் காலத்தில் என்னைத் தேடாதே என்று விடுதியில் இருந்தபோதே சொன்னவள் நான், ஆகவே கோபிக்க உனக்கு உரிமை கிடையாது. காலபோகம் ஒருவழியாக முடிகிறது. நெல் விலையைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தத் தாள் போதாது, அதை நேரில் வைத்துக்கொள்வோம். பெரிய மாஸ்டருக்குக் கண் ஒப்பரேசன் முடிந்து, இப்போது ஊரில் எல்லாரையும் தூரத்திலேயே அடையாளம் கண்டு கூப்பிடுகிறார். அவரிடம் கடன்பட்டவர்கள் வேறு ஒழுங்கையால் போகிறார்கள்.

விஷயம் இதுதான். பேரனுக்கு மீன்தொட்டி வாங்கப்போகிறேன், உன்னிச்சைக் குளத்துப் பக்கம் போய்ப் பாசியும் அள்ளி வந்து போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இரவு பத்து மணிக்கு மேசையில் இருக்கிறேன். பாசியை நேரே தொட்டிக்குள் போட்டுவிடாதே. இங்கே ஒரு மோசமான கதை நடந்தது.

எங்கள் வீட்டுச் சின்னவன் அபியின் மீன்தொட்டியை நீ படத்தில் பார்த்தாய் அல்லவா, இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 56 லீற்றர் பிடிக்கும். அதில் விரல் நீளத்தில் இரண்டு குராமி, கண்ணாடி நக்கும் ஒரு சக்கர். இவை பழையவை, ஒன்றும் ஆகாமல் இருந்தன. புதிதாக விட்ட மீன்கள்தான் நிற்கவில்லை.

முதலில் வாங்கிய நியோன்கள் செத்தது வேறு காரணம். அவை காலையில் மிதந்தன, எடுத்துப் புதைத்தோம். எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் உனக்குத் தெரியும், கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியும் வன்னீர். நியோன் அமேசன் பக்கத்து மென்னீர் மீன். கடையில் பையில் இருந்த தண்ணீருக்கும் எங்கள் தொட்டித் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியை அதன் உடம்பு தாங்காது. அதோடு புதுத் தொட்டி என்றால் அமோனியா. மீன் கழிப்பதும் மிஞ்சிய தீனும் அமோனியாவாகும். அதை நைத்திரைற்றாக்கி, பிறகு அவ்வளவு கெடுதல் செய்யாத நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் பில்ரர் பஞ்சில் குடியேற வாரக்கணக்கில் எடுக்கும். தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7 இல் இருந்து 8 க்கு ஏறினால் மீனைக் கொல்லும் வகை அமோனியாவின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வயலில் யூரியாவைப் பற்றி வகுப்பெடுக்கிறேன், அதே இரசாயனம்தான் வீட்டு முன்னறையிலும். அதனால் அடுத்த முறை கப்பிதான் வேண்டும் என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்கினேன். கப்பிக்கு வன்னீர் ஒத்துவரும். பையை மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, ஆறுதலாகத்தான் திறந்துவிட்டோம். அவை நன்றாக நீந்தின, தின்றன. அபி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தான்.

அப்புறம் அவை குறையத் தொடங்கின. உடம்பு இல்லை, செதில் இல்லை, தண்ணீர் கலங்கவும் இல்லை. இரவு எண்ணிவிட்டுப் படுப்பான், காலையில் ஒன்று இராது. இன்னொரு நாள் இன்னொன்று. மறுபடி வாங்கிவிட்டால் மறுபடி அதே கதை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். பூனை என்றார்கள், மூடி அசையாமல் இருந்தது. பாய்ந்திருக்கும் என்றார்கள். கப்பி பாயும்தான், ஆனால் பாய்ந்தால் அலுமாரிக்குப் பின்னால் காய்ந்து கிடக்க வேண்டும் அல்லது எறும்பு வரிசை காட்டித்தர வேண்டும். அலுமாரியை இழுத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பில்ரர் வாயில் பஞ்சு கட்டியிருக்கிறது. சக்கர் மேல்தான் எல்லாருக்கும் கண், முகம் அப்படி. அது செத்த மீனைத் தின்னும், தொட்டிக்குள் இருக்கிற நத்தைகளும் செத்த மீனைத் தின்னும், இரண்டும் சேர்ந்தால் சின்னக் கப்பியின் உடம்பு விடியுமுன் கரைந்துவிடும். ஆனால் உயிரோடு ஓடும் கப்பியைத் துரத்திப் பிடிக்கிற வேகம் சக்கருக்கு இல்லை. குராமியின் வாய் குஞ்சுக்குப் போதும், வளர்ந்த கப்பிக்குப் போதாது.

அக்கா இதுவரை தொட்டிப் பக்கம் அவ்வளவாக வந்ததில்லை. அன்று முன்வீட்டு அன்ரி "செத்திருக்கும் பிள்ளை, விடு, வேற வாங்கலாம்" என்று அபியிடம் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். குசினிக்குள் இருந்த அக்கா வெளியே வந்து, "செத்ததைக் கண்டனீங்களோ?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அன்ரி தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

அக்காவின் பிள்ளை சீலனை நீ தூக்கி வளர்த்தவள், உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2017 பெப்ரவரி 20 இல் கந்தசாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு அம்மாக்கள் போராட்டம் இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து அக்கா போகிறாள். அங்கே அவளோடு இருந்த எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வெள்ளத்திலும் போனாள், காய்ச்சலோடும் போனாள். மரணச் சான்றிதழ் எடுங்கள், உதவித்தொகை தருகிறோம் என்றவர்களையும் இதே கேள்விதான் கேட்டாள். மீனையும் பிள்ளையையும் ஒன்றாக வைத்து நான் எழுதவில்லை வசந்தி, அக்காவும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அவள் இருக்கிற வீட்டில், எட்டு வயதுப் பிள்ளைக்கு "போனது போகட்டும்" என்று சொல்லிக்கொடுக்க என்னால் முடியாது. அன்றிரவே அபியிடம் சொன்னேன், இது என்னவென்று கண்டுபிடித்துத்தான் மறுவேலை என்று.

நாங்கள் படித்த முறைதான் கைகொடுத்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். பழைய நுளம்பு வலையில் ஒரு பை தைத்து, புதுக் கப்பிகளில் பாதியை அதற்குள் விட்டுத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன். அதே தண்ணீர், அதே தீன், அதே வெளிச்சம். மிச்சத்தை வெளியே நீந்தவிட்டேன். பைக்குள் இருந்தவை ஒன்றும் குறையவில்லை, வெளியே இருந்தவை குறைந்தன. அப்படியென்றால் தண்ணீரும் இல்லை, நோயும் இல்லை. தொட்டிக்குள் ஏதோ ஒன்று பிடித்துத் தின்கிறது. அடுத்ததாகச் சக்கரையும் குராமிகளையும் வாளிக்கு மாற்றினேன். அப்போதும் குறைந்தன. கண்ணுக்குத் தெரிந்த எல்லாரும் குற்றமற்றவர்களாகிவிட்டார்கள். அபிக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

விடை தண்ணீருக்கு மேலே இருந்தது. தொட்டி கழுவ பில்ரர் குழாயைக் கழற்றும்போது, நீர்மட்டத்துக்கு மேலே, குழாயின் பின்பக்கத்தில், முதுகு வெடித்த ஒரு வெறும் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறு கால், உள்ளே ஒன்றுமில்லை. காலபோகத்தில் நெற்றாளில் இப்படி எத்தனை பார்த்திருக்கிறோம்! தும்பி வெளிக்கிட்டுப் போன சட்டை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அக்கா சொன்னாள், "அண்டைக்கு விடிய யன்னல் சீலையில ஒரு தும்பி அடிச்சுக்கொண்டு நிண்டது, அபிதான் பிடிச்சு வெளியில விட்டவன்." வெளிறின நிறமாம், இறகு இன்னும் சரியாக விறைக்கவில்லையாம். வெளியிலிருந்து வந்தது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

உடனே பாசி முழுவதையும் வெள்ளைப் பேசினுக்குள் எடுத்துப் போட்டு உதறினோம். மாரி மழையில் குளம் நிரம்பியபோது மருமகன் வாய்க்காலில் அள்ளி வந்த பாசி அது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. சேற்று நிறம், அசையாமல் கிடக்கின்றன, முதுகில் அழுக்குப் படிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் அழுக்கு நடக்கிறது. தும்பியின் அணங்குகள், அதாவது இறகு வளராமல் தண்ணீருக்குள் வாழும் அதன் குஞ்சுகள், பெரியது ஒரு அங்குலத்துக்குக் கிட்ட. அலுவலகத்து உருப்பெருக்கும் வில்லையை வைத்து அபிக்கு முகத்தைக் காட்டினேன். கீழ் உதடு முழங்கை மாதிரி மடிந்து முகத்தையே மூடியிருக்கும். இரை கிட்ட வந்ததும் அது நீண்டு, நுனியிலுள்ள கொடுக்குகளால் கவ்விக்கொண்டு திரும்பும், எங்கள் கண் அதைத் தொடர முடியாது. பின்பக்கத்தால் தண்ணீரை உள்ளே இழுத்துத்தான் மூச்சு விடும், தப்ப வேண்டுமென்றால் அதே தண்ணீரைப் பீச்சி முன்னால் பாயும். அபி அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அவனுடைய கவலை பாதி போய்விட்டது.

பழைய மீன்கள் ஏன் தப்பின என்பதும் இப்போது விளங்குகிறது. குராமியும் சக்கரும் அதன் பிடிக்குள் அடங்காது. கப்பி இரவில் கீழே இறங்கிப் பாசிக்குள் தங்கும், அது பதுங்கியிருப்பதும் அங்கேதான். தின்று மிஞ்சிய துணுக்கை நத்தை முடித்துவிடும், ஆகவே காலையில் அடையாளமே இல்லை. சில சாதித் தும்பிகள் முட்டையைப் பாசியின் தண்டுக்குள்ளேயே குத்தி வைக்கும். அதனால் கழுவிவிட்டேன் என்று நம்பாதே. கிருமி கொல்லும் கொண்டிஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்று) கரைத்த தண்ணீரும் தண்டுக்குள் போகாது. பாசி போடத்தான் வேண்டுமென்றால் மீனில்லாத வாளியில் வாரக்கணக்கில் வைத்து, அடிக்கடி வெள்ளைப் பேசினில் உதறிப் பார்த்துவிட்டுப் போடு.

இப்போது கோபமான பகுதி. இதைக் கேள்விப்பட்ட ஒருவர், மருந்துக் கடை வைத்திருப்பவர், "ஒரு துளி பூச்சிமருந்து விடுங்கோ, எல்லாம் செத்துப்போம்" என்றார். எல்லாம்தான் சாகும்! வயலுக்கு அடிக்கிற பைரெத்திரொயிட் வகை மருந்து மீனுக்கு எவ்வளவு பெரிய நஞ்சு என்று விற்கிறவருக்குத் தெரியாதா? ஊரின் தண்ணீர் முழுக்க இப்படி ஒரு துளி ஒரு துளியாகத்தான் கெட்டது. தும்பி எங்கள் ஆள், வசந்தி. தண்ணீருக்குள் நுளம்புக் குடம்பியைத் தின்கிறது, மேலே வந்தால் நெல்லில் தத்தியையும் அந்துப்பூச்சியையும் பிடிக்கிறது. மியன்மாரில், யாங்கூன் நகரத்து வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளில் தும்பி அணங்குகளை விட்டு டெங்கு நுளம்பைக் குறைத்துக் காட்டினார்கள், 1990 இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அவர்கள் விட்ட சிவப்புத் தும்பி எங்கள் வாய்க்கால் கரையிலும் திரிகிற சாதிதான். ஐப்பசி மழையோடு கூட்டமாக வருகிற மஞ்சள் தும்பி இருக்கிறதே, அந்தச் சாதி இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாகக் கடல் தாண்டி ஆபிரிக்கா வரை போகிறது. விவசாயிகள் கூட்டத்தில் இதைச் சொன்னால் தெளிகருவியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். தொட்டிக்குள் அது இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அக்கா அணங்கைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "எல்லாத்தையும் இதுதான் திண்டதோ, ஒண்டும் மிஞ்சேல்லையோ?" என்று கேட்டாள். இல்லை அக்கா, எல்லாம் இதுதான் என்றேன். "சரி. அபிக்கு விளங்கச் சொல்லு" என்றுவிட்டு உலைவைக்கப் போனாள். அபியும் நானும் அவற்றை வாய்க்காலில் கொண்டுபோய் விட்டோம். ஒன்றை மட்டும் மண்பானையில் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறான், வெளிக்கிடும்போது பார்க்க வேண்டுமாம். நுளம்புக் குடம்பி பிடித்துப் போடுவது அவன் வேலை. பானைக்கு வலை கட்டுவது என் வேலை.

பாசியைக் குறைத்த பிறகு புதுக் கப்பிகள் நிற்கின்றன, குஞ்சும் போட்டிருக்கின்றன. உனக்கு வேண்டியதை இங்கிருந்தே தருகிறேன், கடையில் வாங்காதே. தொட்டியை இப்போதே நிரப்பிப் பில்ரரை ஓடவிடு, மீன் பிறகு வரட்டும். உங்கள் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாளாவது வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்று. எத்தனை தந்தாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாதே. உன் அவசரம் எனக்குத் தெரியும், அத்தானிடமும் தனியாகச் சொல்லி வைப்பேன்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவதாகப் போன வருடமும் சொன்னாய். இந்த முறை வா. அக்காவும் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், உன்னோடென்றால் கதைப்பாள். வரும்போது மூடி இறுக்கமான ஒரு பெரிய போத்தலும், மட்டக்களப்புத் தயிரும் கொண்டு வா. முழங்கால் நோவுக்கு என்ன சொன்னார்கள் என்று எழுதவே இல்லையே, அதை முதலில் எழுது.

அன்புடன்,
புவனா