கொரியா போகும் பிள்ளைகளுக்கு ஈரல் புழுவைப் பற்றியும் சொல்லி அனுப்புங்கள்

வெளிநாட்டு வேலைக்கு ஆட்களை அனுப்பும் அதிகாரிகளுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன்.

அரச ஒப்பந்தத்தில் எங்கள் பிள்ளைகள் 2004 முதல் தென்கொரியா போய்வருவது நீங்கள் அறிந்ததுதான். என் தம்பியும் அப்படிப் போய், நக்தொங் ஆற்றுக்குக் கிட்ட ஒரு தொழிற்சாலையில் நாலு வருடமும் பத்து மாதமும் வேலை செய்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு வேலை செய்பவர்கள் ஆற்றுமீனைப் பச்சையாக அரிந்து, மிளகாய் விழுதில் தோய்த்துக் கொடுப்பார்களாம். வேண்டாம் என்று சொன்னால் மனம் நோவார்களே என்று சாப்பிட்டிருக்கிறான். உறைப்பும் சோஜு என்ற கொரியச் சாராயமும் கிருமியைக் கொன்றுவிடும் என்று சொன்னதை நம்பியுமிருக்கிறான். அவை இந்தப் புழுவைக் கொல்லாது. நன்றாக வேக வைத்தால் சாகும்.

திரும்பி வந்து இரண்டு வருடம் வயிற்றெரிவுக்குக் குளிசை போட்டான். பிறகு செங்கமாரி. அம்மா கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார். இரவெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டு இருப்பான். கடைசியில் ஒரு டொக்டர்தான், "தம்பி எந்த நாட்டில் வேலை செய்தீர்?" என்று கேட்டார். மலத்தைச் சோதித்ததில் குளோனோர்க்கிஸ் என்ற ஈரல் தட்டைப்புழுவின் முட்டைகள் இருந்தன.

புழு என்றதும் வீட்டில் எல்லாம் மாறியது. அம்மா அவனுக்கென்று ஒரு கோப்பையும் தம்ளரும் வேறாக எடுத்து வைத்தார். அவன் ஒன்றும் பேசாமல் அதிலேயே சாப்பிட்டான், கழுவித் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்தான். என் மகள் "மாமா ஏன் எங்களோடு சாப்பிடுவதில்லை?" என்று கேட்டபோது எழும்பி வெளியே போய்விட்டான். முட்டை நத்தைக்குள் போய், அங்கிருந்து மீனுக்குள் போய், அந்த மீனைப் பச்சையாகத் தின்றால்தான் இது வரும், ஆளுக்கு ஆள் தொற்றாது என்று டொக்டர் சொல்லும்வரை மூன்று கிழமை அந்தக் கோப்பை தனியாகவே இருந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

பிராசிகுவான்டெல், இரண்டு நாள் மருந்து. அவ்வளவுதான். விட்டிருந்தால் புழு பித்தக்குழாயில் இருபது வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். அது அங்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இலேயே உறுதிப்படுத்திவிட்டது. கொரிய அரசு தன் ஆற்றோர மக்களுக்கு மலப் பரிசோதனை நடத்தி மருந்து கொடுக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு யார் சொன்னது?

போகும்போது இரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம் எல்லாம் எடுத்தார்கள். முதலாளிக்கு நோயில்லாத ஆள் வேண்டும். சரி. வரும்போது ஒரு கேள்விகூட இல்லை. அவர்கள் அனுப்பிய காசு நாட்டுக்கு வேண்டும், அவர்களின் ஈரல் வேண்டாமா? தம்பி இருந்த பயிற்சி வகுப்பும் சிங்களத்தில்தான் நடந்தது. பாதி விளங்காமலே விமானம் ஏறினான். இது இந்த ஒரு நோயோடு முடிகிற குறையும் இல்லை.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது இதுதான்: புறப்படுமுன் வகுப்பில் பத்து நிமிடம், தமிழிலும் சிங்களத்திலும், ஆற்றுமீனைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஒரு மலப் பரிசோதனை செய்துவையுங்கள். தயவுசெய்து அடுத்த குழு போகுமுன் செய்யுங்கள்.

அந்தப் பத்து நிமிடத்தைப் பேச ஆளில்லை என்றால் தம்பி வருவான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அக்கா
கொழும்பு 13