மொழிபெயர்க்கப் போனவர்

அன்புள்ள சேகர்,

பாண்டிச்சேரியில் களிமண் வகுப்பில் சேர்ந்துவிட்டாய் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. கேன்வாஸைத் தவிர எதையும் தொடாத ஆள் நீ. இன்னும் மண் பிசைய மட்டும்தான் விடுகிறார்கள், தூரிகையைத் தொட விடவில்லை என்று புலம்பியிருக்கிறாய். சரி, அதற்கு ஒரு கதை இருக்கிறது.

நாங்கள் மகன் வீட்டுக்கு பிரிஸ்டல் வந்திருக்கிறோம். போன வாரம் ரயிலேறி செயின்ட் ஐவ்ஸ் போய், ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சின் மண்பாண்டப் பட்டறையைப் பார்த்தோம். ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜியோடு அவர் 1920-ல் தொடங்கியது. படிப்படியாக மேலேறும் ஜப்பானியச் சூளை இன்னும் நிற்கிறது. மரமே அரிதான கடலோரத்தில் விறகுச் சூளை கட்டிய பிடிவாதத்தை என்னவென்று சொல்வது!

இந்த லீச்சும் உன்னைப் போலப் படம் போடுகிறவர்தான். செம்புத் தகட்டை அமிலத்தில் அரித்து அச்செடுக்கும் எட்சிங்கை ஜப்பானியருக்குச் சொல்லித்தரலாம் என்று 1909-ல் டோக்கியோவுக்குப் போனவர். 1911-ல் ஒரு விருந்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு முறை சுட்டெடுத்த பாத்திரங்களை வந்தவர்களிடம் கொடுத்து, வரையுங்கள் என்றார்கள். வரைந்ததும், சுட்டால் கண்ணாடிபோல் பளபளக்கும் கிளேஸ் பூச்சில் முக்கிச் சின்னச் சூளைக்குள் வைத்து, கொஞ்ச நேரத்தில் சிவக்கச் சிவக்க இடுக்கியால் வெளியே எடுத்தார்கள். அதுதான் ராக்கு. சொரசொரப்பான மண், உள்ளே நுண்ணிய துளைகள் என்பதால் அந்தத் திடீர்க் குளிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது, வெடிப்பதில்லை. மனுஷன் அன்றைக்கே விழுந்துவிட்டார், உடனே குரு தேடிக் கிளம்பிவிட்டார்.

கிடைத்தவர் உரானோ ஷிகெகிச்சி, ஆறாம் கென்சான், அதாவது கென்சான் என்ற குயவர் பரம்பரையில் ஆறாமவர். பரம்பரைப் பெயர் பெரிது, ஆனால் ஆலைச் சரக்கு வந்த பிறகு ஒதுக்கப்பட்டு, டோக்கியோவின் ஏழைப் பகுதியில் இருந்த கிழவர். பெயர் ரத்த வழியில் வருவதல்ல, குரு சீடனுக்குக் கொடுப்பது. கிளேஸ் செய்முறைகளோடு அந்த வாரிசுரிமையையும் அவர் ஒரு வெள்ளைக்காரனுக்குக் கொடுத்தார் என்பதைத்தான் எல்லோரும் வியந்து சொல்கிறார்கள்.

எனக்குப் பிடித்த ஆள் வேறு. கிழவர் சொல்வது லீச்சுக்கு முழுசாகப் புரியாது, அதனால் நண்பர் டோமிமோட்டோ கென்கிச்சி கூடப் போனார். அந்த விருந்திலும் இருந்தவர்தான். டோக்கியோவில் கலைப்பள்ளியில் படித்துவிட்டு, லண்டனிலும் கொஞ்ச காலம் இருந்து வந்ததால் ஆங்கிலம் தெரியும். ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டே நின்றவர் தானும் மண்ணில் கை வைத்தார், அப்புறம் எடுக்கவே இல்லை. 1955-ல் ஜப்பான் அரசு முதன்முதலாக 'வாழும் தேசியச் செல்வம்' என்று சிலரைத் தேர்ந்தெடுத்தபோது, ஹமாடாவோடு இவர் பெயரும் இருந்தது. அதனால் மலர் தங்கச்சி சும்மா துணைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அவள் கையில் ஒரு உருண்டை மண்ணைக் கொடுத்துப் பார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால் லீச்சின் பானைகளில் கண்ணில் நிற்பது அவர் போட்ட கோடுதான், பானையின் உருவம் இல்லை. (ஆங்கிலேயர் காதில் விழுந்தால் அடிக்க வருவார்கள்.) டோமிமோட்டோ தனக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்: பழைய அலங்காரத்தைப் பார்த்துப் புது அலங்காரம் வரைவதில்லை, செடியையோ வீட்டையோ நேரில் பார்த்துத்தான் வரைவது. உன் குருநாதர் தூரிகையைக் கையில் தரும் நாளில் இதைச் செய்து பாரேன்.

உங்கள் ஊர் கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டப் பட்டறைக்குள் போயிருக்கிறாயா? 1971-ல் ரே மீக்கரோடு அதைத் தொடங்கிய டெபோரா ஸ்மித்தும் ஜப்பானில் தொழில் கற்றவர்தான்.

இங்கே குளிர் ஆளைக் கொல்கிறது, பேரன் தமிழில் திட்ட மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறான். பொங்கலுக்கு முன்னால் ஊர் திரும்பிவிடுவோம். உன் முழங்கால் வலி என்னாயிற்று? சக்கரத்தின் முன் குந்தி உட்காராதே, ஸ்டூல் கேள்.

அன்புடன்,
இளங்கோ