கட்சி மாறும் உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவியைப் பறிக்கச் சட்டம் கோரி மனு

அனுப்புநர்
9ஆவது வார்டு வாக்காளர்கள்
(பெயர், முகவரி, கையெழுத்து தனித்தாளில்)

பெறுநர்
அரசு முதன்மைச் செயலாளர்,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நாங்கள் 15 வார்டுகள் கொண்ட ஒரு பேரூராட்சியின் வாக்காளர்கள். 2022 பிப்ரவரி 19 அன்று வரிசையில் நின்று, ஒரு சின்னத்துக்கு நேரே இருந்த பொத்தானை அழுத்தினோம். 22ஆம் தேதி அந்தச் சின்னத்தில் நின்றவர் ஜெயித்தார். மார்ச் 4 அன்று தலைவர் தேர்தல் நடந்தது. அடுத்த வாரமே எங்கள் கவுன்சிலர் வேறு கட்சித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வார்டுக்குள் வந்தார்.

இந்த மனுவை எழுதும் என் வீட்டுச் சுற்றுச்சுவரில்தான் அவர் நன்றி விளம்பரம் எழுதியிருந்தார். கேட்டுத்தான் எழுதினார், நானும் சரி என்றேன். ஒருநாள் காலையில் பார்த்தால் சின்னத்தின் மேல் மட்டும் சுண்ணாம்பு அடித்திருக்கிறது. பெயரும் ‘வாக்களித்த பொதுமக்களுக்கு நன்றி’யும் அப்படியே இருக்கின்றன. மழையில் சுண்ணாம்பு கரைந்தால் பழைய சின்னம் லேசாக எட்டிப் பார்க்கும். மறுநாள் ஆள் வந்து இன்னொரு கை அடித்துவிட்டுப் போவார்.

அவரிடம் நேரிலேயே கேட்டோம். “வார்டு வளர்ச்சிக்காகத்தான் போனேன். ஆளுங்கட்சிப் பக்கம் இருந்தாத்தான் நாலு வேலை நடக்கும்” என்றார். மறைப்பானேன், தெருவிளக்கு வந்தது, வடிகாலும் பாதி தூரம் வந்தது. ஆனால் ஒரு வார்டுக்கு வடிகால் வர அதன் கவுன்சிலர் கட்சி மாற வேண்டும் என்றால், அந்தக் கேள்வியைத் தங்கள் துறையிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நாங்கள் வீட்டு வரி கட்டும்போது எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டோம் என்று யாரும் கேட்பதில்லையே.

செயல் அலுவலரிடம் போனால், “அது கட்சி விவகாரம், நாங்க தலையிட முடியாது” என்றார். பழைய கட்சி அலுவலகத்தில், “அவர்தான் இப்ப எங்க கட்சியே இல்லையே” என்றார்கள். இருவர் சொன்னதும் சட்டப்படி சரிதான். எங்கள் சங்கடமே அதுதான்.

1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை, நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. கவுன்சிலருக்கு அது பொருந்தாது. எம்.எல்.ஏ. தாவினால் பதவி போகும் என்ற பயமாவது இருக்கிறது. கவுன்சிலர் தாவினால் சால்வை கிடைக்கிறது. அதே சாசனத்தின் 243வி பிரிவு, நகராட்சி உறுப்பினர்களின் தகுதியிழப்புக்கு மாநிலச் சட்டமன்றமே சட்டம் இயற்றலாம் என்கிறது. ஊரகத்துக்கு 243எஃப் இருக்கிறது. ஆகவே டெல்லியைக் கைகாட்ட வேண்டியதில்லை.

கர்நாடகம் 1987இலேயே உள்ளாட்சிக்கெனக் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கேரளம் 1999இல் கொண்டுவந்தது. கேரளத்தில் தாவியவர் மீதான மனுவை மாநிலத் தேர்தல் ஆணையம் விசாரிக்கிறது. பதவி போவதோடு ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்கவும் முடியாது. சுயேச்சையாக ஜெயித்துவிட்டுப் பிறகு கட்சியில் சேர்ந்தாலும் தகுதியிழப்புதான். எங்கள் பேரூராட்சியில் அப்படியும் ஒருவர் இருக்கிறார். “எந்தக் கட்சியும் வேண்டாம்” என்று சொல்லி ஓட்டு வாங்கியவர்!

தலைவரையும் மேயரையும் 2011இல் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2022இல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் 15 பேர் மன்றத்தில் ஒரு கை இடம் மாறினால் தலைவரே மாறிவிடுகிறார். எங்கள் ஊரில் எட்டு இடம் ஜெயித்த கட்சிக்குத் தலைவர் பதவி கிடைக்கவில்லை, ஆறு இடம் ஜெயித்த கட்சிக்குக் கிடைத்தது. முதல்நாள் இரவு யார் வீட்டு வாசலில் வேன் நின்றது என்று தெருவே பார்த்தது. ஆனால் வாக்கெடுப்பு ரகசியம் என்பதால் யார் எப்படிப் போட்டார் என்று எவராலும் நிரூபிக்க முடியாது. கேரளத்தில் தலைவர் தேர்தலின்போது உறுப்பினர் வாக்குச்சீட்டின் பின்புறம் பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இங்கும் அந்த முறை வராவிட்டால், சட்டம் வந்தாலும் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆகவே, கட்சிச் சின்னத்தில் தேர்தல் நடக்கும் எல்லா உள்ளாட்சிப் பதவிகளுக்கும் பொருந்தும்படி (ஊராட்சி ஒன்றிய, மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களும் இதில் அடக்கம்) ஒரு சட்ட முன்வரைவைத் தங்கள் துறை ஊரக வளர்ச்சித் துறையோடு சேர்ந்து தயாரித்து அரசுக்கு அனுப்ப வேண்டுகிறோம். விசாரிக்கும் பொறுப்பு மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் இருக்கட்டும். மாவட்ட ஆட்சியரிடமோ மன்றத் தலைவரிடமோ விடவேண்டாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்ற கெடுவும் தேவை. இல்லையென்றால் வழக்கு முடிவதற்குள் பதவிக்காலமே முடிந்துவிடும். கட்சி புகார் கொடுக்காமல் ஒதுங்கிக்கொண்டால், அந்த வார்டு வாக்காளர்களே மனுச் செய்யவும் வழி வையுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். குடிநீர்க் கட்டணம், குப்பைக் கிடங்கு போன்ற ஊர் விஷயத்தில் ஒரு கவுன்சிலர் சொந்தக் கட்சியை எதிர்த்துப் பேசினாலோ வாக்களித்தாலோ பதவி போய்விடக் கூடாது. அப்படிப் பேசும் ஆள் அத்தி பூத்தாற்போலத்தான் கிடைக்கிறார். இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கொறடா உத்தரவு, தலைவர், துணைத்தலைவர், நிலைக்குழுத் தலைவர் தேர்தலோடும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தோடும் நின்றுகொள்ளட்டும்.

2022இல் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்து வரும் நகர்ப்புறத் தேர்தலின் அறிவிக்கைக்கு முன்பே இந்தச் சட்டம் நடைமுறைக்கு வர ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள். தெருவிளக்கு எரியவில்லை என்று முன்பு நாங்கள் கொடுத்த மனு சென்னைக்குப் போய், மாவட்டத்துக்கு வந்து, ‘தக்க நடவடிக்கைக்காக’ எங்கள் பேரூராட்சிக்கே திரும்பியது. அதை எங்களிடம் படித்துக் காட்டியவர் இதே கவுன்சிலர்தான். இந்த மனுவையும் அந்த வழியில் அனுப்பிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
9ஆவது வார்டு வாக்காளர்கள்

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், சுவர் விளம்பரத்தின் புகைப்படங்கள் இரண்டு (சுண்ணாம்புக்கு முன், மழைக்குப் பின்)

நகல்: மாநிலத் தேர்தல் ஆணையர், சென்னை