அந்த அறையைத் திறந்து வையுங்கள்: வாலிபால் போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டி அமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். கல்லூரி மகளிர் வாலிபால் இறுதி ஆட்டம் ஐந்தாவது செட் வரை போய் 15–13 என்று முடிந்ததை நீங்கள் மேடையிலிருந்து பார்த்தீர்கள். நான் எதிரே மூங்கில் கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். தொண்டை கட்டும்வரை நான் கத்தி ஆதரித்த அணிதான் கோப்பையை வாங்கியது. ஆனாலும் மனம் ஆறவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்: ஆட வந்த பெண்களுக்குத் திறக்கப்படாத பெண்கள் கழிப்பறை. அன்றே உங்களில் இருவரிடம் நேரில் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார்கள். இதுவரை யாரும் பார்த்ததாகத் தெரியாததால், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஆட்டத்தைச் சொல்லாமல் குறையை மட்டும் எழுதினால் அந்தப் பெண்களுக்கு அநியாயம் செய்தவளாவேன். தை மாதக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் கிழக்குக் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோர்ட் கிழக்கு மேற்காகப் போடப்பட்டிருந்தது. கிழக்கே நின்றவர்களுக்குக் காற்று துணை, ஆனால் சாயும் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. மேற்கே நின்றவர்களுக்கு வெயில் முதுகில், காற்று முகத்தில். சர்வீஸ் போடும் பெண்கள் பந்தைத் தூக்குமுன் ஒரு கணம் நின்று, கோர்ட்டின் ஓரத்துத் தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார்கள். ஐந்தாவது செட்டில் 8 புள்ளி வந்து பக்கம் மாறியபோது காற்றும் கைமாறியது. அதற்குப் பிறகு எந்த அணியாலும் இரண்டு புள்ளிக்கு மேல் முந்த முடியவில்லை. ஒவ்வொரு தவறும் எதிரணிக்குப் புள்ளியாகிவிடும் ஆட்டத்தில், 15-இல் முடியும் செட்டில், 12–12 என்று பலகையில் தெரியும்போது கேலரியில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை.

அப்போதுதான் எதிரணியின் செட்டர், அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள், விழுந்தாள். அதுவரை ஆட்டத்தையே தன் விரல் நுனியில் வைத்திருந்தவள் அவள். முதல் பந்து சரியாக எடுபடாமல் ஸ்கோர் எழுதும் மேசைப் பக்கம் போனது. அவள் ஓடி, முதுகு நெட்டுக்குத் திரும்பிய நிலையில், கோர்ட்டின் மறு கோடிக்குப் பந்தை எடுத்துக்கொடுத்தாள். அங்கே எம்பிய பெண் அடித்தது எங்கள் பக்கத் தரையில் அறைந்தது. 13–12. அவளுடைய அணி ஓடிவந்து கட்டிப்பிடித்தபோதுதான் செட்டர் எழுந்திருக்கவில்லை என்று பார்த்தார்கள். வலது கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது. பாதத்தை ஒரு தோழி பிடித்து மடக்க, இவள் ஜெர்சியின் கழுத்துப் பகுதியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். மாற்று செட்டராக வந்தவள் மிகவும் இளையவள், கை நடுங்கியது கேலரி வரை தெரிந்தது. 13–13. அடுத்து அவள் தூக்கிய பந்தைக் காற்று நெட்டைத் தாண்டிக் கொண்டுவந்து எங்கள் பெண்ணின் கையில் கொடுத்தது. 14–13. பிறகு ஒரு சர்வீஸ், அதை எடுக்க முடியவில்லை. முடிந்தது. எங்கள் அணி நன்றாக ஆடித்தான் வென்றது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண் நின்று ஆடி நாங்கள் வென்றிருக்க வேண்டும்.

பரிசளிப்புக்கு முன் அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் என்னிடமிருந்த தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. "அக்கா, இங்கே கழிப்பறையைத் திறந்துவிட்டார்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். பக்கத்திலிருந்த தோழி சொன்னாள்: "காலையில் பஸ் ஏறும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். எந்த மைதானத்துக்குப் போனாலும் இப்படித்தான், அக்கா." வருத்தம் எதுவும் இல்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

தசைப்பிடிப்புக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். மதிய வெயிலில் ஐந்து செட் ஆடும் ஒரு பெண் காலையிலிருந்து தண்ணீரைத் தவிர்த்திருக்கிறாள். இதைவிடப் பெரிய காரணத்தை நான் தேடப் போவதில்லை.

உங்கள் மைதானத்தில் அறை இல்லாமல் இல்லை. மேடைக்குப் பின்னால் இருக்கிறது. கதவில் பெண்களுக்கு என்று மலையாளத்தில் எழுதியும் இருக்கிறது. காலையில் நானே போய்ப் பார்த்தேன், பூட்டியிருந்தது. அங்கே நின்ற தொண்டரிடம் தமிழில் கேட்டேன், பிறகு மலையாளத்திலும் கேட்டேன். சாவி பொறுப்பாளரிடம் இருக்கிறது, அவர் சிறப்பு விருந்தினரை அழைத்துவரப் போயிருக்கிறார் என்றார். விருந்தினர் வந்த பிறகு அந்தக் கதவு திறந்தது. உள்ளே நிரம்பிய வாளி, உறை பிரிக்காத சோப்பு, மடித்து வைத்த துண்டு. அவர்கள் வெளியே வந்ததும் மறுபடி பூட்டப்பட்டது. அதே நேரத்தில் இரண்டு அணிப் பெண்களும் தங்களை ஏற்றிவந்த பஸ்களின் ஜன்னல்களில் துப்பட்டாவைச் செருகி, குனிந்தபடியே உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாதவிடாய் நாளில் ஆட வந்தவள் அவர்களில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று நீங்கள் ஒருவராவது யோசித்தீர்களா? தயவுசெய்து அந்த அறையைத் திறந்து வையுங்கள்.

ஆண்கள் வாலிபாலுக்கும் பெண்கள் வாலிபாலுக்கும் விதியில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் நெட்டின் உயரம்தான். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. கோர்ட் அதே 18-க்கு 9 மீட்டர், பந்தும் அதே, செட்டும் அதே. அன்று உங்கள் ஆட்கள் அளவுகோல் வைத்து நெட்டை 19 சென்டிமீட்டர் இறக்கிக் கட்டியதைப் பார்த்தேன். நடுவில் ஒரு முறை, இரண்டு ஓரங்களிலும் ஒரு முறை என்று அளந்தார்கள். அந்தக் கவனத்தை மதிக்கிறேன். அதில் ஒரு பங்கு அந்தக் கதவுக்குக் கிடைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு மின்விளக்கும் மாலைக் குளிர்ச்சியும், பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு மதியம் இரண்டரை மணி வெயில் என்பதை யார் முடிவு செய்தார்கள்? மேடையில் பேசியவர்கள் எல்லோரும் கேரளத்து வாலிபால் வீரர் ஜிம்மி ஜார்ஜைப் புகழ்ந்தார்கள். புகழத்தான் வேண்டும், அவர் அந்தப் புகழுக்கு உரியவர். ஆனால் அவர் 1976-இல் அர்ஜுனா விருது பெறுவதற்கு முந்தைய ஆண்டே அதைப் பெற்றவர் இதே கேரளத்தின் வாலிபால் வீராங்கனை கே.சி. ஏலம்மா. மகளிர் இறுதி ஆட்டத்தின் மேடையில் அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பெண் பிள்ளைகள் பள்ளிவரை நன்றாக ஆடுவார்கள். கல்லூரி அணிக்கு அழைப்பு வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "போகிற இடத்தில் ஒதுங்க வசதி இருக்கிறதா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லாமல் ஆட்டத்தை விட்ட பெண்களை எனக்குத் தெரியும். இன்று அவர்கள் தெருவில் பிள்ளைகள் விளையாடும் பந்து காலடியில் வந்தால், கை தானாக அதைச் சர்வீஸுக்குப் பிடிக்கும்.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் இல்லை. அடுத்த மாதம் இதே மைதானத்தில் மகளிர் ஆட்டங்கள் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். முதல் அணி வந்து இறங்கும் முன்பே அந்த அறையைத் திறந்து வையுங்கள். சாவியை விருந்தினரை வரவேற்கப் போகிறவரிடம் கொடுக்காமல், அணிகளோடு வரும் உடற்கல்வி ஆசிரியைகளில் ஒருவரிடம் கொடுங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கட்டும், உள்பக்கத் தாழ்ப்பாள் வேலை செய்யட்டும். கதவு திறந்திருக்கும் என்பதை அணிகளுக்கு முன்கூட்டியே கடிதத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிந்தால்தான் அவர்கள் காலையில் தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறுவார்கள்.

ஆட்டத்தன்று காலை நான் வந்து பார்ப்பேன். அதற்கு முன் உங்களிடமிருந்து ஒரு வரி பதில் கிடைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாலிபால் ரசிகை