அப்பாவும் தலையணையும்

குலசேகரம்,
ஐப்பசி மழை.

லே மக்கா,

நீ கோவத்துல இருக்கேன்னு கிராம்பு சொன்னான். கோவப்படு. அப்பாவுக்கு நெஞ்சு ஆபரேஷன் நடந்த சங்கதியை மஸ்கட்டுல கிடந்து நீ அவன் வாயால கேட்டது என் தப்புதான். போனைக் கையில எடுப்பேன், உன் சத்தம் கேட்டா அம்மை முன்னால அழுதிருவேன்னு வச்சிருவேன். வீட்டுல எல்லாரும் சுகம்தானே?

ஓணம் கழிஞ்ச மூணாம் நாள். ரப்பர் பால் வெட்டிட்டு வந்தவரு இடது கை கடுக்குதுன்னாரு. வாயுன்னு சொல்லி சுக்குவெள்ளம் குடிச்சாரு. நாகர்கோவில் போய்ச் சேரதுக்குள்ள சட்டை தொப்பலா நனைஞ்சு போச்சு. மூணு அடைப்பு, பைபாஸ்தான்னுட்டாங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால தோட்டம் தப்பிச்சுது. ரத்தம் கொடுக்க நாலு பயலுவளைக் கூட்டிட்டு வந்த கிராம்பு, ஊசியைக் கண்டதும் விழுந்த கதை தனியா சொல்லுதேன்.

கால்ல இருந்து ரத்தக்குழாய் எடுத்து இதயத்துல தைச்சிருக்காங்க. பிளந்த நெஞ்செலும்பை ஸ்டீல் கம்பி போட்டு இறுக்கியிருக்கு. இருமணும்னா தலையணையை நெஞ்சோட சேத்துப் பிடிக்கணும். இப்போ கக்கூஸுக்குப் போறப்பவும் அது கூடவே போகுது. மூச்சுப் பயிற்சிக்கு மூணு உருண்டை உள்ள டப்பா ஒண்ணு கொடுத்தாங்க. மூச்சை உள்ளே இழுத்தாதான் உருண்டை ஏறும். இவரு ஒரு பகல் பூரா ஊதிட்டு, சாமானம் கேடுன்னு நர்ஸ்கிட்ட சண்டை!

எலும்பு கூட மூணு மாசம் வேணும். அதுவரை கனம் தூக்கக்கூடாது, பைக்கு ஓட்டக்கூடாது, பால் வெட்டும் கிடையாது. 120 மரமும் என் தலையில. மழை வெறிச்ச நாளா பாத்து நெத்தியில லைட்டைக் கட்டிட்டு இருட்டோட போறேன். போன வாரம் மெள்ள நடந்து வந்து மரத்தைப் பாத்தாரு. பட்டையைத் தாண்டித் தடியில நாலஞ்சு இடத்துல காயம். "லே, என் நெஞ்சைக் கீறுன டாக்டர் கை சுத்தம். நீ மரத்தைக் கொன்னிருக்கே" ன்னாரு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த பிறகு அவரு சிரிச்சது அன்னைக்குத்தான்.

மத்த நேரமெல்லாம் அழுதாரு மக்கா. நம்மளைப் புளியமாறால வெளுத்த மனுசன், பூனை குட்டியைத் தூக்கிட்டுப் போறதைப் பாத்து அழுதாரு. அம்மை மீன்கறியில உப்பைக் குறைச்சா அதுக்கும் கண்ணு கலங்குது. இந்த ஆபரேஷன் செய்தவங்களுக்கு இப்படி மனசு தளர்றது உண்டு, மாறலேன்னா கூட்டிட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னாரு. நெஞ்சுல தையல் காஞ்சாச்சு. இது எப்போ காயும்னு எனக்குத்தான் ராத்திரி உறக்கம் இல்ல.

நேத்து நாலு மணிக்குப் புறப்பட்டப்போ திண்ணையில தலையணையோட இருந்தாரு. கத்தியைக் கேட்டாரு, வெட்ட இல்ல, தீட்டத்தானாம். கொடுக்காம போயிட்டேன். திரும்பி வரும்போதும் அதே இடத்துல இருக்காரு.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிடு. சுகமான்னு மட்டும் கேட்டிராதே. ரப்பர் ஷீட்டு விலை என்னன்னு கேளு, அரை மணி நேரம் விடமாட்டாரு.

உன்,
சாயாக்கடன்காரன்