வைட்டமின் ஏ போதாத மாலைக்கண்

அன்புள்ள நண்பா,

மாலைக்கண் என்று அழைத்துவரும் குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுத்து, முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லி அனுப்பிய பிறகும் மாற்றம் இல்லையென்றால் என்ன நினைப்பது என்று கேட்டிருந்தாய்.

நினைக்க வேண்டியவற்றில் ஒன்று ஆர்பிஈ65 மரபணுக் கோளாறு. அந்தக் குழந்தைகளின் உடம்பில் வைட்டமின் ஏ குறைவே இருக்காது. ஒளியைப் பிடிக்கும் வைட்டமின் ஏ வடிவம் ரெட்டினால்; வெளிச்சம் பட்டு நிமிர்ந்துபோன அதை மறுபடி வளைந்த வடிவத்துக்குக் கொண்டுவரும் நொதிதான் இருக்காது. அந்த நொதி, ஒளியை உணரும் கோல் செல்லிலோ கூம்புச் செல்லிலோ அல்ல, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் நிறமிப் படலத்தில் வேலை செய்வது. வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாக இருந்தும் உலை வைக்க ஆளில்லாத நிலை. கீரை மூட்டையைத்தான் கூட்டும். ஏபிசிஏ4 என்ற இன்னொரு மரபணுவின் கோளாறால் வரும் ஸ்டார்கார்ட் என்ற விழித்திரை நோயிலோ வைட்டமின் ஏ மாத்திரை கெடுதல். நிறமிப் படலத்தில் நச்சுக் கழிவு இன்னும் சேரும். அதனால் ரத்தத்தில் அளவு பார்க்காமல் மாதக்கணக்கில் கொடுக்காதே.

பரம்பரை விழித்திரை நோய்களில் ஆர்பிஈ65-க்கு மட்டும்தான் மரபணு மருந்து இருக்கிறது, மற்றதற்கு ஏன் இல்லை என்ற உன் ஆதங்கத்துக்கு ஒரு பதில், வண்டியின் அளவு. நல்ல மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் ஏஏவி வைரஸுக்குள் சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துகள்தான் அடங்கும். ஆர்பிஈ65 அதில் தாராளமாக உட்காரும். ஏபிசிஏ4-இன் புரதக் குறிப்பு மட்டுமே 6,800 எழுத்துகள்.

ஆர்பிஈ65-க்கான அந்த மருந்தான லக்ஸ்டர்னாவுக்கு அமெரிக்காவில் 2017 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அப்போது சொன்ன விலை 8,50,000 டாலர். அந்த விலை மருந்தைக் கையாளும் விதத்தில்தான் பலன் பாதி அடங்கியிருக்கிறது. மைனஸ் 65 டிகிரிக்குக் கீழே உறைந்து வரும். அறை வெப்பத்தில் உருகவிட்டு, 0.3 மில்லி எடுத்து, 2.7 மில்லி கரைசலில் சேர்த்து, குலுக்காமல் ஐந்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். கலக்கத் தொடங்கி நான்கு மணி நேரத்துக்குள் கண்ணுக்குள் போய்விட வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. கரைசலில் போலாக்சமர் 188 துளி அளவு இருக்கும். அது இல்லாவிட்டால் வைரஸ் துகள்கள் சிரிஞ்சின் சுவரிலும் ஊசியின் உட்புறத்திலும் ஒட்டிக்கொள்ளும். அளவு சரியாக ஏற்றியும் கண்ணுக்குக் குறைவாகப் போகும்.

அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோன், கண்ணில் ஊசி போடுவதற்கு மூன்று நாள் முன்பே தொடங்கும்: கிலோவுக்கு 1 மி.கி., நாளுக்கு 40-ஐத் தாண்டாமல், ஏழு நாள். அடுத்த பத்து நாளில் படிப்படியாகக் குறைப்பு. இரண்டாவது கண்ணுக்குக் குறைந்தது ஆறு நாள் இடைவெளி.

அறுவையில் கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழை அகற்றிவிட்டு, மேல்பக்க ரத்தக்குழாய் வளைவை ஒட்டி, கூர்மையான பார்வைக்கான மையப்புள்ளியான ஃபோவியாவின் நடுவிலிருந்து 2 மில்லிமீட்டராவது தள்ளி ஊசி இறங்குகிறது. முதலில் கொஞ்சம் மட்டும். விழித்திரைக்கு அடியில் சின்னக் குமிழ் எழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே மீதி, மொத்தம் 0.3 மில்லி. ஊசி மேலோட்டமாக நின்றால் மருந்து விட்ரியஸ் குழிக்குள் கசிந்து வீணாகும், அழற்சியும் வரும். ஆழமாகப் போனால் பின்னால் உள்ள ரத்தக்குழாய்ப் படலமான கோராய்டில் ரத்தம் கசியும். அவசரப்பட்டு அழுத்தினால் குமிழ் ஃபோவியாவை இழுத்துப் பிடிக்கும். ஏற்கெனவே மெலிந்த இடம், ஓட்டை விழுந்துவிடும். முடிவில் காற்று நிரப்பி, நோயாளியை 24 மணி நேரம் மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். காற்றுக் குமிழ் கரையும்வரை விமானப் பயணம் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பரிந்துரைப்பதில்லை: விழித்திரைச் செல்கள் இன்னும் பிரிந்துகொண்டிருக்கும், பிரியப் பிரிய மருந்து நீர்த்துப்போகும்.

பலன் உண்மையானதுதான். 1 முதல் 400 லக்ஸ் வரை ஏழு வெளிச்ச அளவுகளில், தடைகள் வைத்த பாதையில் நடக்க வைத்துச் சோதித்தார்கள். ஓராண்டில் சிகிச்சை பெற்றவர்கள் சராசரியாக 1.8 படி முன்னேறினார்கள், பெறாதவர்கள் 0.2 படி. எழுத்துப் பலகையை மட்டும் வைத்து மதிப்பிட்டிருந்தால் மருந்து தோற்றதாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் பார்வை கூடுவதும் செல் பிழைப்பதும் ஒன்றல்ல, நண்பா. பெற்றோரிடம் பேசும்போது இந்த இடத்தில்தான் எல்லாரும் வழுக்குகிறோம். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்குப் பின் பார்வை மேம்பட்ட இடத்திலேயே ஒளி ஏற்பிச் செல் அடுக்கு முன்போலவே மெலிந்துகொண்டு வந்தது தெரிந்தது. நாய்களில் சிதைவு தொடங்கும் முன்பே கொடுத்தபோது செல்கள் நிலைத்தன. தொடங்கிய பிறகு கொடுத்தபோது சிதைவு நிற்கவில்லை. நொதி திரும்பி வந்தாலும், சாகும் பாதையில் ஏற்கெனவே கால் வைத்துவிட்ட செல் திரும்புவதில்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அதனால் மரபணு அறிக்கைக்குச் சமமாக, விழித்திரையின் தடிமனைக் காட்டும் ஓசிடி ஸ்கேனை வைத்துப் பார். மூன்றாம் கட்டச் சோதனையில் சேர்க்க, விழித்திரையின் பின்மையப் பகுதியில் எங்காவது 100 மைக்ரானுக்கு மேல் தடிமன் இருந்தாலே ஒரு தகுதி. விழித்திரையின் மின் துடிப்பைப் பதியும் ஈஆர்ஜி தட்டையாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துக் கைவிட்டுவிடாதே. ஆர்பிஈ65-இல் செல் இருந்தும் ரெட்டினால் கிடைக்காமல் ஊமையாகக் கிடக்கும்.

செல் எல்லாம் போய்விட்டவர்களுக்கு வேறு வழி தேடுகிறார்கள். சாஹேல், ரோஸ்கா குழுவினர் 2021-இல் வெளியிட்டது நினைவிருக்கும்: 58 வயதுக்காரர் ஒருவரின் கண்ணில், மூளைக்குச் சேதி அனுப்பும் கேங்லியான் செல்களுக்கே ஒளியை உணரும் பாசிப் புரதத்தைக் கொடுத்தார்கள். சாதாரண வெளிச்சம் அதற்குப் போதாது. கேமரா பொருத்திய கண்ணாடி, காட்சியை 595 நானோமீட்டர் ஆம்பர் ஒளியாக மாற்றிக் கண்ணுக்குள் அடிக்கும். நீல ஒளியைவிட அது பாதுகாப்பானது, கண்பாப்பாவையும் குறைவாகச் சுருக்கும். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த பிறகு, மேசைமேல் உள்ள பொருளை அந்தக் கண்ணாடியோடு தேடித் தொட முடிந்தது. முகம் அடையாளம் தெரியாது, படிக்க முடியாது. மரபணு எதுவானாலும் பொருந்தும் என்பதுதான் இதன் கவர்ச்சி.

மாதிரி அனுப்பும்போது குழந்தையின் ரத்தத்தோடு அம்மா, அப்பா இருவரின் ரத்தத்தையும் சேர்த்து அனுப்பு. இந்த நோய் வர, அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக வரும் மரபணுப் பிரதிகள் இரண்டுமே கெட்டிருக்க வேண்டும். அறிக்கையில் இரண்டு பிழை இருந்தாலும் அவை ஒரே பிரதியில் இருந்தால், மற்றப் பிரதி நன்றாக இருக்கிறது என்று பொருள், காரணம் வேறெங்கோ. பெற்றோரைப் பார்க்காமல் அதைப் பிரிக்க முடியாது. சொந்தத்தில் கட்டியவர்களா என்பதையும் படிவத்தில் எழுதிவிடு. ஒரே பிழை இரண்டு பிரதியிலும் வந்திருந்தால் ஆய்வகத்துக்கு அது உடனே புரியும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்